செல்பேசித் தட்டச்சும் மாணவர்களின் எழுத்துப்பிழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் வந்த பிறகு பிள்ளைகளின் தமிழ் கெட்டுவிட்டது என்ற குறை, பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் எழுகிறது. குறை உண்மைதான்; அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நண்பனுக்கு ‘வந்துட்டேன்டா’ என்று குறுஞ்செய்தி அனுப்பும் மாணவன், தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதும்போது அவ்வாறு எழுதுவதில்லை. எங்கே எந்த நடை என்பது அவனுக்குத் தெரிகிறது. எங்கே எந்த எழுத்து என்பதில்தான் தடுமாறுகிறான்.

‘அக்காவின் திருமனத்திற்க்கு செல்ல இருப்பதாள்’ என்று தொடங்கும் விடுப்பு விண்ணப்பத்தைப் பார்க்காத தமிழாசிரியர் இன்று இருக்க மாட்டார். மூன்று சுழி ணகரம் இரண்டு சுழியாகியிருக்கிறது. றகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது என்ற விதி மீறப்பட்டிருக்கிறது. நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் மிக வேண்டிய ‘ச்’ காணவில்லை. கடைசியில் லகரம் ளகரமாகிவிட்டது. அரை வரிக்குள் நான்கு பிழைகள்.

இதன் வேர், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கம் சோம்பலால் மட்டும் வந்ததன்று. தொடக்க காலச் செல்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை. இருந்தவற்றிலும், ஆங்கிலத்தில் 160 எழுத்துகளைக் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறியீடுகளைத் தாண்டினாலே இரண்டாகக் கணக்கிடப்பட்டது. இன்று அந்தத் தடைகள் நீங்கிவிட்டன, பழக்கம் நீங்கவில்லை. ஆங்கிலத்தின் ‘எல்’ என்ற ஒரே விசையை அழுத்தினால் பள்ளியும் பல்லியும் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன; மாணவன் ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்கிறான். ந, ன, ண மூன்றுக்கும் ‘என்’, ர, ற இரண்டுக்கும் ‘ஆர்’. எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நாள்தோறும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டவனிடம், தேர்வறையில் வெறும் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்கிறோம்.

ழகரத்தை ளகரமாக ஒலிப்பது தென்மாவட்டங்களில் செல்பேசிக்கு மிக முந்தைய வழக்கம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும், நாக்கு தவறவிட்டதைக் கை எழுதி எழுதித் திருத்திக்கொண்டது. இப்போது அந்தக் கைக்கும் வேலை குறைந்துவிட்டது.

வாக்கிய அமைப்பிலும் சேதம் உண்டு. அரட்டையில் முற்றுப்புள்ளிக்கு இடமில்லை, அனுப்பும் பொத்தானே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே, கட்டுரை எழுதும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுபவர்களும், ‘வந்து’, ‘கண்டு’, ‘எனினும்’ என்று வினையெச்சங்களாலும் இடைச்சொற்களாலும் வாக்கியத்தைத் தொடுக்கத் தெரியாமல் துண்டு துண்டாக எழுதுபவர்களும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ‘மரங்கள் விழுந்தது’ என்ற ஒருமை பன்மை மயக்கத்தைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

செல்பேசியைப் பறிப்பது நடவாத காரியம். தட்டச்சு முறையை மாற்றலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையில் ண, ந, ன ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு. எது வேண்டும் என்று அறியாமல் அதில் ஒரு சொல்லையும் அடிக்க இயலாது. ‘ந’வை அடுத்து ‘த’வை அழுத்தினால் புள்ளி தானாக விழுந்து ‘ந்த’ என வரும். நன்னூல் சொல்லும் இன எழுத்துகளுக்கு விரலாலேயே கிடைக்கும் பயிற்சி அது. செல்லினம் போன்ற செயலிகள் வழியாகச் செல்பேசியிலும் இதைப் பயன்படுத்தலாம். அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் ஆறாம் வகுப்பு முதலே இதைக் கற்பிக்கவும், தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடும் ‘சொல்வதை எழுதுதல்’ பயிற்சியைப் பத்தாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளையாவது தொடரவும் பள்ளிக் கல்வித்துறை ஆணையிட வேண்டும். இரண்டாவதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை, வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.