இருபது மடங்கு

அன்புள்ள தராசு,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். திட்டுவதென்றால் அடுத்த கடிதத்தின் முதல் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு. பிறகு விஷயத்துக்கு வரலாம். இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் வலிக்கு நான் எந்த மருந்தும் சொல்லப்போவதில்லை. காரணம் உனக்கே தெரியும். நம் வகுப்புத் தோழன் குடுவை உன்னைத் தொலைபேசியில் அழைத்து, நான் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டதாகவும், வேலையை உதறிவிட்டு வந்துவிட்டதாகவும் கதை அளந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். மேசையைத் தட்டவும் இல்லை, வேலையை விடவும் இல்லை. ஒரு தாளில் கையெழுத்திட மறுத்தேன், அவ்வளவுதான். அந்தக் கதைக்குள் அவனுடைய வீட்டுச் செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை மட்டும் அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். ஆகவே முழுவதையும் நானே எழுதிவிடுகிறேன்.

விவகாரம் மஞ்சளைப் பற்றியது. பெரியவருடைய ஆய்வுக்கூடத்தில் நாம் பாழாக்கிய வெள்ளை அங்கிகளை நினைத்துச் சிரிக்காதே. கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் என்னும் நிறப்பொருளைக் கேப்சூலாக்கும் வேலை எங்களிடம் நெடுநாளாக நடந்துவருகிறது. கிழங்குப் பொடியின் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்குவரைதான் குர்குமினும் அதன் உறவுப் பொருள்களும் இருக்கின்றன. அந்தச் சிறு பங்கையும் உடல் ஏற்றுக்கொள்வதில்லை என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கும் சங்கடம். அது தண்ணீரில் கரையாது. உடல் வெப்பநிலையில், 7.2 பி.எச். உள்ள பாஸ்பேட் கரைசலில் போட்டால், பத்து நிமிடத்துக்குள் பாதி சிதைந்துபோகும். குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே நிறம் வெளிறிப்போவதைப் பார்க்கலாம். அதற்கும் தப்பிக் குடல் சுவருக்குள் நுழையும் சொற்ப அளவை, குடலும் கல்லீரலும் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியே அனுப்பிவிடுகின்றன.

இதற்கு மாற்றாக எல்லோரும் சுட்டிக்காட்டுவது 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனையை. ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் அது அளக்கவே முடியாத அளவிலோ மிகமிகச் சொற்பமாகவோதான் தென்பட்டது. அதனோடு மிளகிலுள்ள, அந்தப் பிணைப்பு வேலையைத் தடுக்கும் பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. அன்று தொடங்கியதுதான் இந்த "இருபது மடங்கு" மோகம். ஏறக்குறைய ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்று கேட்க எந்த விளம்பரமும் இடம் வைப்பதில்லை. பெரியவர் இருந்திருந்தால் அந்தச் சதவீதக் குறியைச் சிவப்பு மையால் சுழித்து, "எதன்மீது?" என்று ஓரத்தில் எழுதியிருப்பார்.

எங்கள் கேப்சூலிலும் பைபரின் சேர்ந்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கலவையின் கரைதல் சோதனைகளை நடத்தியவனே நான்தான். ஆட்சேபம், அதனோடு வைக்கவிருந்த துண்டுத்தாளில் இருந்த ஒரு வரிக்கு: "பல நூற்றாண்டுப் பயன்பாட்டால் பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்டது." அந்த வரிக்குக் கீழே தொழில்நுட்பப் பொறுப்பாளர்கள் மூவரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள்; இருவர் போட்டார்கள்.

நான் சொன்னது இதுதான். பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் உட்கொண்டது இரத்தத்துக்குள் சேராத மஞ்சளை. அது தீங்கு செய்யாததற்கு அது சேராமல் போனதே ஒரு காரணமாக இருக்கலாம். அதைச் செறிவாக்கி, கல்லீரல் என்னும் காவல்காரனை உறங்கவைத்து உள்ளே அனுப்பிவிட்டு, பழைய நற்சான்றிதழை இதற்கும் ஒட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? சேரும் அளவு மாறினால் அது புதிய மருந்து. புதிய மருந்துக்குரிய சோதனைகளை அது கடந்தாக வேண்டும். ஒரே மூச்சில் "இருபது மடங்கு வலிமை" என்றும் "எப்போதும் போலப் பாதுகாப்பு" என்றும் சொல்ல முடியாது; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றேன்.

அதற்கு வந்த பதிலை நீ ரசிப்பாய். திரிகடுகத்தில் சுக்கோடு மிளகையும் திப்பிலியையும் நம் முன்னோரே சேர்த்திருக்கிறார்களே, நாம் செய்வது அதன் நீட்சிதானே என்றார் ஒருவர். நீயும் உன் கடைசிக் கடிதத்தில் ஏறக்குறைய இதையே வேறு வார்த்தைகளில் எழுதியிருந்தாய். கூட்டத்தில் உன் குரலைக் கேட்டது போலிருந்ததால்தான் சற்று உரக்கப் பேசிவிட்டேன் என்று வைத்துக்கொள். சேர்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, இத்தனை நாள் என்று எல்லை வகுத்துக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியமானது, அந்த நோயாளி அதே வேளையில் வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ, மூச்சுத்திணறலுக்குத் தியோஃபிலினோ, இரத்த அழுத்தத்துக்கு ப்ரொப்ரனலாலோ விழுங்கிக்கொண்டிருக்கவில்லை. பைபரின் இந்த மூன்றையும் இரத்தத்தில் உயர்த்துகிறது என்பது மனிதர்களிடமே சோதித்துக் காட்டப்பட்டது. அது குர்குமினுக்காக மட்டும் கதவைத் திறப்பதில்லை; அந்த வழியாக வருகிற எல்லாவற்றுக்கும் திறந்துவிடுகிறது.

இங்கேதான் குடுவையின் வீட்டுச் செய்தி வருகிறது. அவனுடைய மகள் பல ஆண்டுகளாக வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுத்துவருவது உனக்குத் தெரியும். கூட்டம் முடிந்த மறுவாரம் அவன் என்னிடம் பேசும்போது, மூளைக்கு நல்லதென்று யாரோ சொன்னதால், மஞ்சளும் மிளகுச் சாறும் கலந்த கேப்சூலை அவளுக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகக் கொடுத்துவருவதாகப் பெருமையாகச் சொன்னான். எங்களுடையது அல்ல, வேறொன்று. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஃபெனிட்டாயினின் குணம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைச் சிதைக்கும் நொதிகள் ஓரளவுக்குமேல் திணறிவிடும் என்பதால், அளவு சிறிது கூடினாலும் இரத்தத்தில் தாறுமாறாக ஏறும். நடை தள்ளாடும், பார்வை நிலைகொள்ளாது. அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொன்னேன். இரத்தத்தில் அளவு உச்சவரம்பைச் சற்றுத் தாண்டியிருந்தது. காரணம் கேப்சூல்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் நிறுத்திவிட்டுப் பிறகு மீண்டும் பார்ப்போம் என்று அந்த மருத்துவர் சொன்னது சரியான பதில். அவள் நலமாக இருக்கிறாள். ஆனால் குடுவை அந்தக் கேப்சூலைப் பற்றி மருத்துவரிடம் அதுவரை வாய் திறக்கவே இல்லை, ஏன் தெரியுமா? "அது மருந்து இல்லையே, இயற்கைதானே" என்றான். மருந்தியல் படித்தவன், தராசு! நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்!

மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பழுதுபட்டவர்களைப் பற்றிய பதிவுகளையும் அப்போதுதான் மறுபடி எடுத்துப் படித்தேன். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்புகளைத் தொகுக்கும் ஆய்வுக்குழு, மஞ்சளோடு தொடர்புடைய பத்துப் பேரைப் பற்றி எழுதியிருக்கிறது. ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் எழுவருக்கு எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற, நோயெதிர்ப்போடு தொடர்புடைய மரபுக்கூறு இருந்தது. ஆகவே இது எல்லோருக்கும் வரும் விபத்து அல்ல, சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் தவறாகப் பாய்வதால் வருவதாகத் தோன்றுகிறது. உட்கொள்வோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பத்து மிகச் சிறியதுதான். ஆனால் தட்டின் மறுபுறம் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? ஆய்வுக்குழாயில் குர்குமின் எந்தப் புரதத்தைத் தொட்டாலும் ஏதோ செய்வது போலக் காட்டும். அது தானே ஒளிர்வதால் அளவீட்டையும் குழப்பும். நூற்றுக்கு மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பிறகும், மருந்தையும் மருந்தில்லாத போலியையும் எது எதுவென்று மறைத்துக் கொடுத்து ஒப்பிட்ட எந்தச் சோதனையிலும் அது உறுதியாக வென்றதில்லை என்று 2017-இல் மருந்து வேதியியலாளர் சிலர் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பை எல்லோரும் ஏற்கவில்லை, நானும் முழுதாக ஏற்கவில்லை. ஆயினும் பயன் இத்தனை மங்கலாக இருக்கும்போது, ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஒற்றை மூலக்கூறைப் பிரித்தெடுப்பதால்தான் இந்தத் தொல்லையெல்லாம், முழு மூலிகையைக் கொடுத்தால் வராது என்று நீ மறுபடியும் தொடங்குவாய். தொடங்காதே. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் டிஜிட்டாலிஸ் என்னும் ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பற்றி எழுதும்போது அவர் கையில் இருந்தது முழு இலைதான். இருபது மூலிகைகள் சேர்ந்த ஒரு குடும்பக் கலவையில் வேலை செய்வது இந்த ஒன்றே என்று அவர் கண்டுகொண்டார். அந்த இலை இதயத்தைக் காத்தது, அளவு சற்று மிகுந்தால் நிறுத்தியும் வைத்தது. பருவத்துக்குப் பருவம் இலையின் வீரியம் மாறுவதைக் கண்டு, பூக்கும் காலத்தில் பறித்த இலையையே அவர் விரும்பினார். தோற்றுப்போன நோயாளிகளின் விவரங்களையும் மறைக்காமல் அச்சிட்டார். அவருடைய தாளில் கையெழுத்துக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன்.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி தூ யூயூவின் கதையிலும் எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய சீன நூலில் அந்த மாசிபத்திரி இனச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. அதைக் கவனித்த அவர், வெப்பம் சத்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஈதரால் 1971-இல் சாறெடுத்தார் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். அந்தச் செடி நூற்றாண்டுகளாக மருந்தாக இருந்தது என்பதால் ஈதர்ச் சாறும் பாதுகாப்பானது என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன்பு, 1972-இல் அவரும் உடன் பணியாற்றிய இருவரும் அதைத் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள். அதன்பின் அந்தச் சாற்றிலிருந்து பிரித்த ஆர்ட்டிமிசினினை மாத்திரையாக அழுத்திக் கொடுத்தபோது பலன் திருப்தியாக இல்லை. மூலக்கூறில் குறை இல்லை, பழைய இயந்திரத்தில் அழுத்திய மாத்திரை உடலுக்குள் சரியாக உடையவில்லை என்று கண்டுபிடித்து, தூய பொருளைக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்தபோது அது வேலை செய்தது. இயந்திரத்தின் அழுத்தம் ஒரு மருந்தையே பொய்யாக்கிவிடப் பார்த்தது என்றால், நாம் கலவையில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் மருந்தையே மாற்றுகிறது என்றுதானே பொருள்?

இதைச் சொன்னதும் கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர், "சரி, என்ன செய்யலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றார். தண்டனையா பரிசா தெரியவில்லை. அந்த வரி இப்போதைக்கு நீக்கப்பட்டிருக்கிறது. பிற மருந்து எடுப்பவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை, முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வரும். கல்லீரல் நொதிகளை இடைவெளி விட்டு அளந்து பார்க்கும் ஒரு சோதனைக்கான வரைவை எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் என்னோடு பேசுவதில்லை; மற்றவர், தன் அம்மாவும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பதாகவும், அவர் இதைச் சாப்பிடலாமா என்றும் தனியே வந்து கேட்டார்.

இனி உனக்கு வேலை. சென்ற மாதம் வந்த மூலப்பொருளை, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றியபோது, வரைபடத்தில் மூன்று உச்சங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று ஓங்கி நின்றது. கிழங்கிலிருந்து வந்த சாற்றில் குர்குமினோடு அதன் இரண்டு உறவுப் பொருள்களும் தப்பாமல் இருக்கும். இத்தனை சுத்தமாக இருப்பதுதான் சந்தேகம் தருகிறது. ஆலையில் பெட்ரோலியத்திலிருந்து செய்ததை மஞ்சள் என்று அனுப்பிவிட்டார்களோ என்று பார்க்கக் கார்பன்-14 சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். செடியிலிருந்து வந்ததென்றால் அதில் அந்தக் கார்பன் இருக்கும், பெட்ரோலியத்திலிருந்து வந்ததென்றால் இருக்காது. விற்றவர் அனுப்பிய பகுப்பாய்வுச் சான்றிதழில் எல்லாம் சரியாகவே இருக்கிறது, இருக்காமல் என்ன! அதே இடத்திலிருந்து வந்த கிழங்குப் பொடியில் சிறிது உனக்குத் தனியாக அனுப்புகிறேன். உன் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மாவுமணிகள் மஞ்சளுடையவைதானா, வேறு மாவு கலந்திருக்கிறதா என்று பார்த்து எழுது. நிறத்துக்காக ஈயக் குரோமேட் தூவியிருக்கிறதா என்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

வரைவையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காம் பக்கத்தில் யாரையெல்லாம் சோதனையில் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல் இருக்கிறது. அதில் விட்டுப்போனவை எவை என்று உன் வழக்கப்படி ஈவிரக்கம் இல்லாமல் குறித்து அனுப்பு. குடுவையிடம் நீயும் ஒருமுறை பேசு. நான் சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. நீ சொன்னால் கேட்பான், அந்தக் கந்தக விவகாரத்துக்குப் பிறகு உனக்கு அவன் கடன்பட்டவன்.

அன்புடன்,
உலக்கை