ஏழு நாள் கெடு என்று யாரும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வரும் சிங்கப்பூர், மலேசியா பயணப் பக்கங்களை விடாமல் படிக்கிறவள் நான். எங்கே தங்கலாம், என்ன வாங்கலாம் என்று நன்றாகவே எழுதுகிறீர்கள். போன இடத்திலோ திரும்பும் வழியிலோ நஷ்டம் வந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் கேட்பது என்றும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திருச்சியில் வந்து இறங்கினேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. பெல்ட்டில் என் பெட்டி வந்தபோது ஒரு சக்கரத்தைக் காணோம். பக்கவாட்டில் ஒரு சாண் கிழிசல். சொந்தக்காரர்களுக்கு வாங்கிய கோடாலித் தைலம் அத்தனையும் நொறுங்கி, வளைகாப்புக்குக் கட்டிய பட்டுப்புடவை எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அங்கே நின்ற விமான நிறுவன ஊழியரிடம் காட்டினேன். "வீட்டுக்குப் போய் மெயில் போடுங்கம்மா, பார்த்துப்பாங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன். வந்ததும் காய்ச்சலில் படுத்தேன். பத்தாம் நாள்தான் மகன் உட்கார்ந்து மெயில் அனுப்பினான். இரண்டே வரியில் பதில் வந்தது: ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் புகார் தராததால் ஏற்க இயலாது.

விசாரித்தால், விதி அப்படித்தான் இருக்கிறது. வெளிநாட்டு விமானப் பயணத்துக்கான 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி பெட்டி சேதமாகி வந்தால், கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுதித் தரவேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் இந்த ஏழு நாளைத் தவறவிட்டவருக்கு அந்த இரண்டு வருடத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பெல்ட் பக்கத்திலேயே 'பி.ஐ.ஆர்.' என்கிற பெட்டிச் சேத அறிக்கையை எழுதச் சொல்லி, நகலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டுமாம். போர்டிங் பாஸையும் லக்கேஜ் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான் இரண்டையும் வீட்டுக்கு வந்த அன்றே குப்பையில் போட்டிருந்தேன்.

கிழிந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த ஊழியர், "ஏழு நாளுக்குள் போடுங்கம்மா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

ஆன்லைனில் வாங்குவதிலும் இதே நிலைமைதான். என் மருமகள் வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் சுடிதார் செட் வாங்கினாள். வந்தது வேறு அளவு, வேறு நிறம். திருப்பி அனுப்பக் கொடுத்த முகவரி வெளிநாட்டில்; கூரியர் செலவு துணியின் விலையைவிட அதிகம். இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் நம்முடைய 2020 மின்வணிக விதிகள் பொருந்தும். குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. எல்லாம் சரி. ஆனால் இங்கே ஓர் அலுவலகம்கூட இல்லாத நிறுவனத்திடம் தீர்ப்பைக் காட்டிப் பணம் வசூலிப்பது யார்? மருமகளுக்குக் கடைசியில் கைகொடுத்தது வங்கிதான். கார்டில் கட்டியிருந்ததால், வந்த துணியின் போட்டோவையும் ஆர்டர் விவரத்தையும் கொடுத்து 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறுவது, கேட்டாள். பணம் திரும்பி வந்தது. கார்டில் கட்டியவர்கள் எல்லோருக்கும் இந்த வழி தெரிந்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நுகர்வோர் மையம் வைத்திருக்கிறார்கள். இத்தாலிக் கடையில் ஏமாந்த ஜெர்மனிக்காரர், தன் நாட்டு மையத்தில் தன் மொழியிலேயே இலவசமாகப் புகார் சொல்லலாம். அவர்கள் இத்தாலியில் இருக்கும் மையத்தோடு பேசிச் சமரசத்துக்கு முயல்வார்கள். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும், சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இவ்வளவு போக்குவரத்து இருக்கிறதே, நம் அரசுகள் இப்படி ஓர் ஏற்பாட்டைப் பேசி முடித்தால் என்ன? 2014-இல் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் என்கிற எலக்ட்ரானிக்ஸ் வணிக வளாகத்தில், ஐபோன் வாங்கப்போய் ஏமாந்த வியட்நாம் தொழிலாளி ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு மண்டியிட்டு அழுத காட்சி உலகமெல்லாம் பரவியது. அந்தக் கடைக்காரர் பிறகு சிறைக்கும் போனார். ஆனால் காட்சி பரவாதவர்களின் பணம் என்ன ஆகும்?

ஒப்பந்தம் வரும்போது வரட்டும். அதுவரை ஒன்று செய்யலாம். திருச்சி, சென்னை, மதுரை, கோவை விமான நிலையங்களில் பெட்டி வரும் பெல்ட்டுக்கு மேலே, தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள்: 'பெட்டி சேதமா? வெளியே போகும் முன் எழுதிக் கொடுங்கள். கெடு ஏழு நாள்.' கீழே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் போடலாம். அதில் தமிழிலும் பேசலாம். விமான நிலைய அதிகாரிகள் கண்ணில் படும்படி நீங்களும் இதை எழுதுங்கள்.

அடுத்த மாதம் சம்பந்தி அம்மா பேரனைப் பார்க்க சிங்கப்பூர் போகிறார். இந்த விவரத்தையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, அவருடைய பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் வாசகி