அந்தப் பசைப் புட்டியைத் திறக்காதே

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சின்னவனுக்கு வேலை கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஏணி விவகாரத்தில் அவன் பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான் என்று அவனுக்கு ஞாபகப்படுத்து. வாத்தியார் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார், குரலில் பழைய மிரட்டல் அப்படியே இருக்கிறது.

மற்றதெல்லாம் அப்புறம். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, வயலினின் ஓரத்தில் மேல்பலகை லேசாக வாய் பிளந்திருக்கிறது, நல்ல ஸ்ட்ராங்கான பசையாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன், லீவு வந்ததும் ஒட்டிவிடுவேன் என்று. அதைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒட்டாதே. அந்தப் புட்டியைத் திறக்கவே திறக்காதே. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "சரிடா, சரிடா" என்பாய், வைத்தவுடன் உன் இஷ்டப்படி செய்வாய். காரணம் தெரியாமல் நீ எதையும் கேட்டவனில்லை. அதனால் காரணத்தை முழுசாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இப்போது என் மேஜையில் ஒரு வயலின் திறந்து கிடக்கிறது. ஒரு டீச்சருடையது, அவருடைய தாத்தா வாசித்தது. மேல்பலகையில் ‘f’ எழுத்து மாதிரி வெட்டிய எஃப் துளை வழியாகப் பார்த்தால், உள்ளே இத்தாலியில் வயலின் செய்து பேர்போன ஸ்ட்ராடிவாரியின் பெயர் போட்ட சீட்டு. ஜெர்மனியில் மார்க்நொய்கிர்ஹென் பக்கத்துப் பட்டறைகளில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதற்குப் பிறகும் ஏராளமாகச் செய்து அனுப்பிய வயலின்களில் பலவற்றுக்கும் இந்தச் சீட்டை ஒட்டினார்கள். உன்னுடையதும் அந்த வம்சம்தான், வாத்தியார் எத்தனை தடவை சொல்லியும் நீதான் ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் நல்ல மரம், நேரான ரேகை, ஒழுங்கான வேலை. அந்தப் பெண்மணிக்கு அது தாத்தாவின் கை பட்ட பொருள், அந்த மதிப்புக்கு மேல் எனக்கு வேறு மதிப்பு வேண்டியதில்லை.

அதற்கும் உன்னுடையதற்கு வந்த அதே சின்ன நோய்தான் முதலில் வந்திருக்கிறது. கீழ்ப்பக்க ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டு விட்டிருக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. யாரோ ஒரு புண்ணியவான் நீ வாங்கி வைத்திருக்கிற மாதிரியான பசையை நிறைய விட்டு இறுக்கி ஒட்டிக் கொடுத்துவிட்டார். இனி ஜன்மத்துக்கும் பிரியாது என்று உத்தரவாதம் வேறு. அவர் சொன்னது பலித்தது, ஒட்டு பிரியவே இல்லை. பலகை பிளந்தது. கீழ் ஓரத்திலிருந்து வலது எஃப் துளைப் பக்கமாக, சவுண்ட் போஸ்ட், அதாவது உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே முட்டுக்கொடுக்கிற குச்சி, நிற்கிற இடத்தை ஊடுருவிக்கொண்டு மேலே போகிறது வெடிப்பு. வயலினுக்கு இதைவிட மோசமான இடத்தில் வெடிப்பு வர முடியாது. தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜின் வலது காலுக்குக் கீழேதான் அந்தக் குச்சி நிற்கிறது, அந்தக் கால் வழியாகத் தந்திகளின் அழுத்தம் அங்கே இறங்குகிறது.

நேற்று அதைத் திறந்தேன். திறக்கிற கத்தி மெல்லியது, கூர் இல்லாதது. மேல்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே அதன் முனையைக் கொடுத்து, ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, மெதுவாக நெம்ப வேண்டும். வயலினை ஒட்டுகிற தோல் பசையான வஜ்ஜிரம், காய்ந்த பிறகு ஆல்கஹால் பட்டதும் இன்னும் வறண்டு நொறுங்கும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், கத்தி கொஞ்சம் முன்னேறும். இன்னொரு ‘டிக்’, இன்னும் கொஞ்சம். காது சொல்கிறபடி கை போகும். இப்படி முக்கால் சுற்று சுகமாகப் போனேன். அந்தப் புதுப் பசை ஒட்டிய இடம் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. கத்தி ரப்பரில் மாட்டிக்கொண்டது போல நின்றது. வெந்நீரில் நனைத்த துணியை வைத்துப் பார்த்தேன், கத்தியைச் சூடுபண்ணிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் பசை அப்படியே இருக்க மரம்தான் கிழிந்து வந்தது. மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மரம் நார் நாராகப் பிய்ந்து பக்கப்பலகையின் விளிம்பில் நிற்கிறது, மேல்பலகையின் ஓரத்தில் அதற்கு ஈடாகப் பள்ளம். நூறு வருஷத்துக்கு மேல் கெடாமல் இருந்த ஓரம்டா அது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அக்கா படிக்க முடியாது.

இனி ஒட்டுகிற ஓரத்தில் ஒட்டியிருக்கிற பசையை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். அது ஒரு பூச்சு இருந்தாலும் வஜ்ஜிரம் பிடிக்காது. பிய்ந்த ஓரத்துக்குப் பழைய ஸ்ப்ரூஸ் துண்டை ரேகை பார்த்துப் பொருத்த வேண்டும். வெடிப்பை மூடி, உள்ளே குறுக்காகச் சின்னச் சின்ன மரத்துண்டுகள் வைக்க வேண்டும். சவுண்ட் போஸ்ட் நிற்கிற இடத்தில் பலகையின் உள்பக்கத்தைக் கிண்ணம் மாதிரி குடைந்து, அந்தக் குழிவில் இம்மியும் இடைவெளி இல்லாமல் உட்காரும்படி புது மரத்தைச் சீவிப் பதிக்க வேண்டும். சாக்பீஸ் தூளைத் தடவி, வைத்துப் பார்த்து, எங்கே படுகிறதோ அங்கே சீவி, மறுபடி வைத்துப் பார்த்து... இப்படிப் போகும். இத்தனையும் அரை மணி நேர வேலையாக முடிந்திருக்க வேண்டியது.

இப்போது உன் கேள்வி வரும்: பலமாக ஒட்டினால் என்ன தப்பு, பிரிவதுதானே நோய்?

பாலம் கட்டுகிறவன் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுத்தானே கட்டுகிறாய்? அந்த இடைவெளியில் சிமெண்ட் போட்டு அடைத்தால் வெயிலில் என்ன ஆகும்? வயலினில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, அது பசைக்குள் இருக்கிறது.

மேல்பலகை ஸ்ப்ரூஸ், கிட்டத்தட்ட 356 மில்லிமீட்டர் நீளம், கனம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள். ரேகை மேலிருந்து கீழாக ஓடுகிறது. மரம் ரேகையின் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் நன்றாகச் சுருங்கும். வயலினின் அகலமான கீழ்ப்பகுதி 20 சென்டிமீட்டருக்கு மேல். காற்று மிகவும் வறண்டுபோனால் அந்த அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் வரைகூடக் குறையலாம். பக்கப்பலகை மேப்பிள், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, சூடான இரும்பில் வளைத்தது. அதன் ரேகை ஓரத்தைச் சுற்றிக்கொண்டே ஓடுகிறது, அதனால் அதன் நீளம் மாறாது. மேல்பலகை உள்ளே இழுக்கிறது, பக்கப்பலகை வரமாட்டேன் என்கிறது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஒட்டு விட்டுக்கொடுத்தால் ஓரத்தில் வாய் திறக்கும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டு விடாப்பிடியாக நின்றால் பலகை வெடிக்கும். உன் வயலினின் ஓரம் திறந்தது என்றால், அதைச் செய்தவன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான் என்று அர்த்தம்.

இதற்காகத்தான் இன்னும் வஜ்ஜிரம். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை, மணி மணியாக வரும். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் 60 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். கொதிக்கவிட்டால் சத்து போய்விடும். பட்டறையில் காலையில் முதல் வேலையே இதுதான். விளக்கு போடுவதற்கு முன்னால் பசைச்சட்டியை வைப்பேன். அடிப்பலகையின் இரண்டு பாதிகளைச் சேர்க்கிற நடு ஒட்டுக்குக் கெட்டியாக, பலமாக வேண்டும். இரண்டு விளிம்பையும் வெளிச்சம் புகாத அளவுக்கு இழைத்து, பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தேய்த்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அது பிரியக் கூடாது. மேல்பலகையை மூடுகிறபோது அதே வஜ்ஜிரத்தைத் தண்ணீர் விட்டு நீர்க்க வைக்கிறேன். வாசிக்கிறபோது பிடித்து நிற்கிற அளவுக்கு மட்டும் பலம், தேவைப்படுகிறபோது கத்திக்கு வழிவிடுகிற அளவுக்குப் பலவீனம். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதைப் புட்டியில் எழுதி விற்க முடியாது. விரலுக்கு நடுவே தொட்டு, இழுத்துப் பார்த்து, அன்றைய காற்றின் ஈரத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை எது என்று முன்பு ஒருமுறை கேட்டாய். கழுத்து நுனியில் சுருள் செதுக்குவதும் வார்னிஷ் பூசுவதும்தான் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு இந்த மூடுகிற வேலைதான். பசை ஆறுவதற்குள் முடிக்க வேண்டும், ஜன்னலைச் சாத்தி, பக்கப்பலகையைச் சூடுகாட்டி, கிளாம்புகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் செய்வேன்.

என்னிடம் வேலை பழகுகிற பெண்ணைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். கெட்டிக்காரி, உளியைத் தீட்டுவதில் என்னையே மிஞ்சிவிடுவாள். அவள் நேற்று அந்தக் கிழிந்த ஓரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், பிரிய வேண்டும் என்று நினைத்தே ஒருத்தர் ஒரு பொருளைச் செய்வாரா என்று. அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

இத்தாலியின் கிரெமோனா ஊரில் ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்தார். அவர் செய்த வயலின்களில் இன்று மேடையில் ஒலிக்கிற எதுவும் அவர் விட்டுப்போன நிலையில் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அரங்கம் பெரிதானது, தந்தியின் இழுப்பு கூடியது. பழைய குட்டைக் கழுத்தை எடுத்து நீளமான கழுத்தைப் பின்பக்கம் சாய்த்து வைத்தார்கள். மேல்பலகையின் உள்பக்கம் நீளவாக்கில் ஒட்டியிருக்கிற மரச்சட்டமான பேஸ் பார் அப்போது சின்னது, அதைச் சீவி எடுத்துவிட்டுப் பெரியதைப் பொருத்தினார்கள். பேஸ் பாரை மாற்ற மேல்பலகையைக் கழற்றியே ஆக வேண்டும். எத்தனை கை மாறி, எத்தனை தடவை திறந்து மூடியிருப்பார்கள்! பழைய கழுத்தோடு அனேகமாக அப்படியே தப்பித்தது என்று பார்த்தால் ஃப்ளோரன்ஸில் இருக்கிற 1690-ஆம் வருஷத்து மெடிசி வயோலா (வயலினைவிடப் பெரிய அதன் உறவு வாத்தியம்) மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். அந்த மனிதர் பிரிக்க முடியாத பசையால் ஒட்டியிருந்தால், முதல் தலைமுறைக்குப் பிறகு அவற்றில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எவனோ முகம் தெரியாதவன், தான் செத்து நூறு வருஷம் கழித்துத் திறக்கப்போகிறவன், அவனுக்கும் சேர்த்துத்தான் அவர் பசையைக் காய்ச்சியிருக்கிறார். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நானும் மூடுகிற ஒவ்வொரு வயலினையும் அந்த முகம் தெரியாதவனை நினைத்துத்தான் மூடுகிறேன். அவன் கத்தியை நுழைக்கிறபோது மரம் கிழியக் கூடாது.

அதனால்தான்டா அந்த ஸ்ட்ராங் பசையைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அடுத்தவன் கையைக் கட்டிப்போடுகிற வேலை அது. வாங்க வருகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள், எவ்வளவு நாள் பிரியாமல் இருக்கும் என்று. எவ்வளவு சுலபமாகத் திறக்கலாம் என்று இதுவரை ஒருத்தர்கூட கேட்டதில்லை. கேட்டால் அவருக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பேன்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. நாலு தந்தியையும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தளர்த்து. ஒரேயடியாகக் கழற்றிவிடாதே, அழுத்தம் போனால் பிரிட்ஜ் சாய்ந்துவிடும், உள்ளே சவுண்ட் போஸ்ட்டும் விழுந்துவிடும். அதை எடுத்து நிறுத்துவது உன்னால் ஆகாத காரியம். பிறகு விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே வா. நன்றாக இருக்கிற இடத்தில் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும், விட்ட இடத்தில் கிர்ரென்று அதிரும். எங்கெங்கே அதிர்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டு எனக்கு அனுப்பு. டேப் ஒட்டாதே, வார்னிஷ் உரிந்து வரும். வெயில் படாத இடத்தில் பெட்டிக்குள்ளேயே வை. ஆல்கஹாலைப் பற்றி மேலே படித்துவிட்டு நீ எதையாவது சொட்டுவிட்டுப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், வார்னிஷ் கரைந்துவிடும்.

ஒருவேளை இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ஒட்டிவிட்டிருந்தால் மறைக்காமல் சொல். திட்டமாட்டேன். எந்தப் பசை, எவ்வளவு நீளம் என்று மட்டும் தெரிந்தால் போதும், மரம் சுருங்கி வெடிப்பதற்குள் ஏதாவது செய்யப் பார்க்கலாம்.

அடுத்த மாதம் எப்படியும் இந்தப் பக்கம் வருகிறாய் அல்லவா, வயலினை மடியில் வைத்துக்கொண்டு வா, லக்கேஜில் போட்டுவிடாதே. என்னுடைய புது வயலினின் மேல்பலகை அதற்குள் மூடுகிற பதத்துக்கு வந்துவிடும். கிளாம்ப் எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள் எனக்கு வேண்டும். உன் கையால் ஒன்றை மூடிப் பார்.

அக்காவுக்கு என் வணக்கம். பதில் உடனே எழுது, முதல் வரியிலேயே புட்டி திறந்ததா இல்லையா என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்