நனைஞ்சு வர்றவங்களுக்கு ஒரு ரூம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலத்துல வண்டிய மெதுவா ஓட்டணும்னு நேத்து தலையங்கத்துல எழுதியிருந்தீங்க, சரிதான், ஈர ரோட்ல பிரேக் பிடிச்சா வண்டி நிக்க ரெண்டு மடங்கு தூரம்கூட ஆகலாம், ஆனா ஆபீஸ் போய்ச் சேர்ந்தப்புறம் என்ன கதின்னு யாருமே எழுத மாட்டேங்கறீங்க. தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு சூட்டைக் கடத்தும், அதுலயும் காட்டன் சட்டை நனைஞ்சா குளிர் விடவே விடாது. போன வாரம் ரெயின்கோட் போட்டும் கழுத்து வழியா தண்ணி இறங்கி, ஈர சாக்ஸோட ஏசிக்கு நேர் கீழ சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன் (ரெயின்கோட்டை நாற்காலில போட்டதுக்கு திட்டு வேற).

ஆபீஸ்ல துணி காயவைக்க ஃபேனோட ஒரு சின்ன ரூம், சுவத்துல நாலு கொக்கி, மழை நாள்ல அரை மணி நேரம் லேட்டா வர பர்மிஷன், இதையெல்லாம் கட்டாயமாக்கச் சொல்லி அடுத்த தலையங்கம் எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் வாசகர்