ரீசைக்கிள் பின் ஏன் அவ்வளவு குண்டாக இருக்கிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வல்லம் அத்தை வந்து தங்கிவிட்டுப் போனாள், உன்னை விசாரித்தாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்ப்பா" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். அதனால்தான் கடையில் உட்கார்ந்து டைப் அடித்து மெயிலில் போடுகிறேன். பொறுமையாகப் படி.

அம்மா கேட்டாள் என்று உன் ரூமைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாயே. அம்மா திரைச்சீலையைப் பார்த்து நிறம் நன்றாக இருக்கிறது என்றாள். நான் மேஜை மேல் இருந்த மானிட்டரைப் பார்த்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன். ரீசைக்கிள் பின் படம் தவலை மாதிரி அகண்டு கிடக்கிறது. பின்னால் நீலத் தலை வைத்த விஜிஏ கேபிள் தொங்குகிறது. வால்பேப்பரும் விண்டோஸ் தந்த படம்தான். புதிதாக யாரோ விண்டோஸ் போட்டு, அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை பார்க்கவில்லையா? அவர் இப்படி விடமாட்டாரே. கல்யாணமான புதிதில் இங்கே வந்தபோது, கடை மானிட்டர் இரண்டிலும் நிறம் ஒன்றுபோல இல்லை என்று, இலை போட்ட பிறகும் சாப்பிட வராமல் சரி செய்துகொண்டிருந்த மனிதர். சரி, அவருக்கும் வேலை இருக்கும். நீயே செய்யலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

நம் கடையில் முன்பு இருந்த பெட்டி மானிட்டர் என்ன அளவு வைத்தாலும் சமாளிக்கும். தட்டைத் திரை அப்படியில்லை. அதில் புள்ளிகளை எண்ணிப் பதித்திருக்கிறார்கள். உன்னுடையது பெரும்பாலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 ஆக இருக்கும். கம்ப்யூட்டர் 1024க்கு 768 என்று அனுப்பினால் அதை இழுத்துத்தான் திரையை நிரப்பும். குறுக்கே ஒரு புள்ளிக்கு 1.875 புள்ளி. முழுப் புள்ளியில் உட்காராது, அக்கம்பக்கத்துப் புள்ளிமேல் சாயம் ஏறும். எழுத்து மங்குவது அதனால்தான். தமிழ் எழுத்து என்றால் கேட்கவே வேண்டாம், ண-வின் சுழி எல்லாம் அடைத்துப் போகும். அகலமும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வட்டம் வட்டமாக நிற்காது.

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போ. டிஸ்ப்ளே ரெசல்யூஷன், அதாவது இந்தப் புள்ளிக் கணக்கு, என்ற இடத்தில் பட்டியல் விரியும். ரெகமண்டட் என்று பக்கத்தில் போட்டிருப்பதைத் தேர்ந்தெடு. கீப் சேஞ்சஸ் என்று கேட்கும். 15 விநாடிக்குள் அழுத்தாவிட்டால் பழையபடி ஆகிவிடும். மாற்றியதும் எழுத்து பொடியாகத் தெரியும். உடனே ரெசல்யூஷனைக் குறைக்காதே! நம் கடைக்கு வருகிற பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அங்கேயே ஸ்கேல் என்று தனியாக இருக்கிறது, அதை 125 சதவீதம் ஆக்கு. ரெசல்யூஷன் அதன் இடத்தில் இருக்கட்டும்.

பட்டியலில் 1920 வரவே இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்து பார். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் திரைக்குப் படம் அனுப்ப வைக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் சாஃப்ட்வேர் போடவில்லை என்று அர்த்தம். நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட்டே பெரும்பாலும் இறக்கிவிடும். இரண்டாவது, கேபிள். மானிட்டர் தன்னுடைய அளவு என்ன என்று கேபிள் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. விஜிஏவின் தலையில் 15 பின், ஊசி மாதிரி, அதில் அந்தச் சேதி போகிற பின் ஒன்று வளைந்திருந்தாலும் போதும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. படம் மட்டும் வந்துகொண்டிருக்கும். நாமும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

முடிந்தால் விஜிஏவையே கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ போடு. விஜிஏதான் என்றால், வெள்ளைப் பக்கத்தில் எழுத்து நிறைய இருக்கிற ஒரு ஃபைலைத் திரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டரில் ஆட்டோ பட்டனை அழுத்து. எழுத்தின் ஓரத்து நடுக்கம் நிற்கும். ரிஃப்ரெஷ் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை திரை புதுப்பிக்கிறது என்பது, 60 போதும். பெட்டி மானிட்டரில் 60 வைத்தால் திரை துடிக்கும், 75, 85 என்று ஏற்றுவோம், உனக்கு ஞாபகம் இருக்கலாம்.

இன்னொன்று. ஜன்னலுக்கு நேர் எதிரே முகத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறாய் போலிருக்கிறது. மானிட்டருக்குப் பின்னால் வெளிச்சம் அடித்தால் கண் கூசும், சோர்ந்துபோகும். மேஜையைப் பக்கவாட்டில் திருப்பிப் போடு. கனமாக இருந்தால் மாப்பிள்ளையை ஒரு கை பிடிக்கச் சொல். அவர் ஊரில் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடு, தனியாக இழுக்காதே.

நாலாம் வகுப்பு படிக்கும்போதே, கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபில் மாப்பிள்ளையின் அப்பா பெயரில் துணைக்கால் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவள் நீ. கம்பாசிங் செய்த பையனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர் உனக்கு ஒரு டப்பா ஜாங்கிரி கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன், அம்மாவுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு இந்தத் திரை தப்பாகத் தெரியாமல் இருக்குமா? அப்படியென்றால் நீ திரையைப் பார்க்கவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆன்லைன் என்று காட்டுகிறது. ஆபீஸ் வேலை என்றே வைத்துக்கொள்கிறேன்.

முன்பே சொல்லியிருந்தால் மானிட்டரை இங்கிருந்தே வாங்கி, எல்லாம் சரிபார்த்து அனுப்பியிருப்பேன். மானிட்டர் வாங்கியதைக்கூட அப்பா போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? சரி, விடு. உன் அக்கவுண்டில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். மானிட்டருக்கு என்று வைத்துக்கொள். திருப்பி அனுப்பாதே, போன தடவை அனுப்பியதில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடையில் உள் மேஜை காலியாகத்தான் இருக்கிறது. இன்டர்நெட் லைன் போன மாதம்தான் மாற்றினோம், நல்ல வேகம். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று உன் ஆபீஸில் சொல்கிறார்களாமே. சும்மா சொன்னேன்.

எச்டிஎம்ஐ கேபிள் கடையில் இருக்கிறது, நாளைக்கே கொரியரில் போட்டுவிடுவேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். பழைய முகவரிக்கே அனுப்பட்டுமா? போட்டோவில் இருக்கிற ஜன்னல் புனே வீட்டு ஜன்னல் மாதிரி எனக்குத் தெரியவில்லை. அங்கே கம்பி நெடுக்கே இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. முகவரியை மட்டும் எழுது, பின்கோடு போட்டு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எழுத்து பொடியாக இருந்தால் ஸ்கேலை ஏற்று. ரெசல்யூஷனைத் தொடாதே.