கம்பியில் உட்காராத குருவி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம். இங்கே எல்லோரும் நலம். மலையில் சாரல் ஓய்ந்துவிட்டது. ஆச்சிக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். சுவிட்சர்லாந்தில் உன் பாடன் ஊர்ப் பழைய கட்டடத்தைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கிறதே, அதைத் தகைவிலான் என்று எழுதியிருந்தாய். இல்லை அம்மா. தகைவிலான் நம் தெருக் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கதை பேசும். இது உட்காராது. நாலு விரலும் முன்பக்கம் பார்த்தே இருப்பதால் கம்பியைப் பிடிக்க வராது. சுவரிலும் பாறையிலும் தொற்றிக்கொள்ள மட்டும் வரும். இது உழவாரன். வெள்ளை வயிறு, வெள்ளைத் தொண்டை, நடுவில் பழுப்புப் பட்டை இருப்பதால் அல்பைன் உழவாரன். உழவாரம் என்று சொன்னதுதான் தாமதம், ஆச்சி அப்பர் தேவாரத்துக்குப் போய்விட்டாள். திருப்பிக் கொண்டுவருவதற்குள் காப்பி ஆறிப்போனது.

எடை சுமார் நூறு கிராம்தான். இறக்கையை விரித்தால் ஒன்றேமுக்கால் அடிக்கு மேல். கூடு கட்டப் புல்லுக்கும் இறகுக்கும்கூடத் தரையிறங்காது. காற்றில் மிதந்து வருவதைப் பிடித்து எச்சிலால் ஒட்டும். நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நம் பின்புறத்துப் பனையில் காய்ந்த ஓலை கழித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஓலையின் அடியில் உள்ளங்கைக்குள் அடங்கும் பஞ்சுக் கூடு, அதில் இரண்டு முட்டை. ஓலையைச் சாய்த்தும் முட்டை விழவில்லை. நீ தொட்டுப் பார்த்துவிட்டு "ஃபெவிகாலாப்பா?" என்றாய். அது பனை உழவாரன், இதற்குச் சின்ன பங்காளி. அந்த ஓலையை வெட்டியிருக்க வேண்டாம் என்று இப்போதும் தோன்றும்.

நீ இருக்கிற பாடனில் கூடு கட்டும் இந்தக் குருவிகளை வைத்துத்தான் அந்த நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் ஒரு பெரிய சங்கதியை வெளியிட்டார்கள். முதுகில் இரண்டு கிராம்கூட இல்லாத கருவியைக் கட்டிவிட்டார்கள். இறக்கை அடிப்பையும் வெளிச்சத்தையும் அது பதிந்துகொள்ளும். விடிகிற நேரமும் அடைகிற நேரமும் தெரிந்தால் குருவி எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்குப் போடலாம். ஆனால் அது எதையும் அனுப்பாது. மறுவருஷம் அதே குருவி திரும்பி வந்து, அதைப் பிடித்தால்தான் உண்டு. அப்படிப் பிடித்தவற்றின் பதிவில் 200 நாளுக்கு மேல் எங்கும் இறங்கிய அடையாளமே இல்லை. தீனி, தண்ணீர், ஓய்வு எல்லாம் ஆகாயத்திலேயே. மேற்கு ஆப்பிரிக்கா வரை போய், அங்கேயும் தரையைத் தொடாமல் திரும்பியிருக்கின்றன.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "இது நம்ம ஊருக்கு வருமாப்பா?" வரும் என்று எழுத எனக்கும் ஆசைதான். வராது. உன் ஊர்க் குருவி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது அதே இனம்தான், ஆனால் வேறு கூட்டம். கர்நாடகத்தில் ஜோக் அருவிப் பாறைகளில் கூடு கட்டுகிறது. பாபநாசம் அணைப் பக்கம் மழைக்கு முந்திய சாயங்காலங்களில் மலையிலிருந்து இறங்கி, தலைக்கு மேல் துணி கிழிகிற மாதிரி 'சர்ர்' என்று போகும். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த வெள்ளை வயிறு எனக்கு நன்றாகவே தெரிகிறது.

உன் ஊரில் இன்னும் கொஞ்ச நாளில் கிளம்பிவிடும். ஒருநாள் காலையில் வானம் காலியாக இருக்கும். அந்தத் தேதியை எழுதி அனுப்பு. அதற்குள் இன்னொரு வீடியோ எடுத்தால், நடுவில் நீ பேசாதே. அதன் சத்தம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா