உழவாரன்களை எண்ணப் போவோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போர்ட்லாந்து சாப்மன் தொடக்கப் பள்ளிக்கு வந்துவிடுங்கள். செப்டம்பரில் அந்தப் பள்ளியின் பழைய செங்கல் புகைபோக்கியில் இரவு தங்க ஆயிரக்கணக்கில் வாக்ஸ் உழவாரன் (Vaux's swift) என்ற சிறு பறவைகள் வரும். நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை எண்ணப் போகிறார்கள்.

ஊரில் பனையைச் சுற்றிப் பறக்கும் உழவாரனைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சொந்தக்காரப் பறவை இது. இதன் காலுக்குக் கிளையிலோ கம்பியிலோ உட்கார வராது, செங்குத்துச் சுவரில் நகத்தால் தொற்றிக்கொள்ளத்தான் முடியும். பொந்து விழுந்த முதிய பெருமரங்களில் தங்கி வந்த இனம். அந்தக் காடுகளைப் பெருமளவு வெட்டிவிட்டோம். அதனால் மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் போகும் வழியில், சொரசொரப்பான புகைபோக்கிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இரவைக் கழிக்கின்றன.

சாப்மன் பள்ளிக்காரர்கள் செய்ததைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பறவைகள் கிளம்பும்வரை கொதிகலனைப் பற்றவைக்காமல், மாணவர்களும் ஆசிரியர்களும் ஸ்வெட்டரோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பல ஆண்டுகள் அப்படியே போயிற்று. பிறகுதான் வேறு வெப்ப ஏற்பாடு வந்து, பழைய புகைபோக்கி பறவைகளுக்கே என்றானது. வாஷிங்டன் மாநிலத்து மன்ரோவிலும் ஒரு பள்ளிப் புகைபோக்கி, நிலநடுக்கத்தில் சரியும் என்ற பயத்தால் போகவிருந்தது. உள்ளே எத்தனை பறவைகள் தங்குகின்றன என்று மக்கள் எண்ணிக் காட்டினார்கள், புகைபோக்கி பிழைத்தது. எண்ணுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

சரி, எப்படி எண்ணுவது? ஒவ்வொன்றாக முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தக் கூட்டம் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று பழகிக்கொள்ள வேண்டும். அப்புறம் பத்துப் பத்தாக, வேகம் கூடினால் நூறு நூறாக. ஒரு பிள்ளை தமிழிலேயே உரக்கச் சொல்லட்டும், இன்னொன்று கோடு போடட்டும். முதல் பறவை நுழைந்த நேரம், கடைசிப் பறவை நுழைந்த நேரம், வானம் எப்படி இருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டு குழுக்களின் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் யாரும் அழித்து எழுத வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

சில மாலைகளில் பைரி என்ற வேட்டைப் பறவை வரும். கூட்டத்துக்குள் பாய்ந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டும் போகும். சின்னவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கண்ணைப் பொத்த வேண்டாம். அதற்கும் பசி உண்டு.

அந்தத் தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். பீவர்டன், ஹில்ஸ்பரோவிலிருந்து வருபவர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் வாருங்கள். இல்லையென்றால் ஸ்ட்ரீட்கார் பிடித்து 23ஆம் அவென்யூவில் இறங்கி நடக்கலாம். புல்வெளியில் உட்கார ஒரு விரிப்பு, ஆளுக்கொரு ஜாக்கெட், பென்சில் போதும். டார்ச், ட்ரோன் கண்டிப்பாக வேண்டாம். தின்பண்டக் குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வர முடியாதவர்கள், உங்கள் தெருவில் மூடி போடாத பழைய செங்கல் புகைபோக்கி இருந்தால், சூரியன் மறையும் நேரத்தில் அரைமணி நேரம் பிள்ளையோடு நின்று பாருங்கள். ஒன்றுமே வராவிட்டாலும் சுழியம் என்று எழுதி, இடத்தையும் தேதியையும் சேர்த்து வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்